கீமோவோடு கஷாயம், காய்கறி, கிரீன் டீ: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் முள்சீத்தா இலை கொண்டு வருவார். இன்னொருவர் மஞ்சள் கேப்ஸ்யூல். கூடலூர் மாமா ஒரு லேகிய டப்பாவோடு வந்து இறங்குவார். எல்லாம் பிரியத்தில் வருவதுதான். வாங்கி வைத்த பிறகு வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். கோயம்புத்தூரில் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு பக்கம், இவை ஒரு பக்கம். கொடுக்கலாமா? கொடுத்தால் எப்போது? கொடுக்காவிட்டால் கொண்டு வந்தவர் மனம் நோகுமே?

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை நடந்த காலம் முழுக்க எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓயவில்லை. அதற்கப்புறம் இதே வழியில் போன அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பலவும் வந்து கேட்பது இதையேதான். சிகிச்சை மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம் என்பது ஒரு வழி. சிகிச்சையோடு டாக்டருக்குத் தெரிந்தே சிலவற்றைச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. டாக்டரிடம் சொல்லாமல் கூடவே ஓட்டுவது மூன்றாவது. கீமோவை விட்டுவிட்டு முழுக்க மாற்று வைத்தியத்துக்குப் போவது நான்காவது. நடைமுறையில் நம் ஊரில் அதிகம் பேர் இருப்பது மூன்றாவதில்.

நான்காவதை முதலிலேயே முடித்துவிடலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்று வந்து, நோய் இன்னும் தூர உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்களின் இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். ஆகவே இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுவேன்.

அதே குழு அதே ஆண்டு செய்த இன்னோர் ஆய்வுதான் நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. வழக்கமான சிகிச்சையில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, கூடவே மாற்று வைத்தியமும் செய்த 258 பேரைப் பார்த்தார்கள். இவர்களுக்கும் இறப்பு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஏன் என்று பார்த்தால், இவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருக்கிறார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதம்தான். ரேடியேஷனை மறுத்தவர்கள் 53 சதவீதம். எதிர்ப்பக்கம் 2 சதவீதம் சொச்சம். சிகிச்சையை மறுத்ததையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது ஆளைக் கொன்றது பெரும்பாலும் அந்தக் கஷாயம் இல்லை. கஷாயம் கொடுத்த தைரியத்தில் விட்டுப்போன சிகிச்சை.

இது நம் மலையில் எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். மூன்றாவது கீமோ முடிந்ததும் ஆள் வாடிப்போவார். முடி கொட்டியிருக்கும், வாயில் புண் இருக்கும். அப்போது ஒருவர் வந்து, "இந்த லேகியத்தை ஒரு மாசம் சாப்பிடட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் கீமோ போட்டுக்கலாம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல அணுக்கள் மீண்டு வரவும், கட்டி மீண்டு வராமல் இருக்கவும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, குறைவு என்று டாக்டரே ஒரு வாரம் தள்ளிப்போடுவது வேறு, நாமே தள்ளிப்போடுவது வேறு. எந்த மருந்தாக இருந்தாலும், எந்தப் பத்தியமாக இருந்தாலும், சிகிச்சைத் தேதியை நகர்த்தச் சொன்னால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சொல்லாமல் சேர்ப்பது பற்றி

அக்காவின் இரண்டாவது கீமோவுக்கு முன்னால் டாக்டர் கேட்டார். "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றாள் அக்கா. பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. மருந்து என்றால் அவளுக்கு மாத்திரை, ஊசி.

டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும், ஊசி போடும் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி கேட்டார். "காலையில எந்திரிச்சதும் முதல்ல என்னக்கா குடிப்பீங்க?" அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு. அப்புறம் கிரீன் டீ. பத்து மணிக்கு மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் இரண்டு. சாயங்காலம் முள்சீத்தா இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். இரவு சீந்தில் பொடி. நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. ஒரு தாளில் வரிசையாக எழுதி ஃபைலில் குத்திவிட்டு, "அடுத்த தடவை இதையெல்லாம் ஒரு பையில போட்டு அப்படியே கொண்டாங்க" என்றார். இந்த நோயோடு போராடும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது அந்தப் பைதான். பேர் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டப்பாவையே காட்டிவிடலாம்.

அந்தத் தாளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

மஞ்சள். குழம்பில், பாலில் போடும் மஞ்சளுக்கு யாரும் தடை சொல்வதில்லை. கேப்ஸ்யூல் வேறு. மஞ்சளின் குர்குமினை அடர்த்தியாக்கி, உடம்பு அதிகம் உறிஞ்ச வேண்டும் என்று மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்த்திருப்பார்கள். உறிஞ்சுவதைக் கூட்டும் அதே பைப்பரின், மற்ற மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையும் மாற்றிவிடும். 2002ல் வந்த ஓர் ஆய்வில், சோதனைக்கூட மார்பகப் புற்று அணுக்களிலும் எலிகளிலும், சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகளின் வேலையை குர்குமின் மட்டுப்படுத்தியது. அக்காவுக்கு ஏறிக்கொண்டிருந்தது அதே சைக்ளோபாஸ்பமைடு. கீமோ முடிந்து, மார்பகப் புற்று திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரைக்கு வந்தவர்களுக்கும் இது பொருந்தும். 2019ல் நெதர்லாந்தில் 16 பெண்களிடம் செய்த ஆய்வில், குர்குமினும் பைப்பரினும் சேர்த்து எடுத்தபோது, டமாக்ஸிஃபென் உடம்பில் மாறி உருவாகும் செயல்மிக்க பொருளின் அளவு 12 சதவீதம் குறைந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனால் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று விழுங்கப்போகும் மாத்திரையின் பலத்தை நாமே குறைத்துக்கொள்ள என்ன அவசியம்? சமையலில் மஞ்சள் இருக்கட்டும். கேப்ஸ்யூல் வேண்டாம்.

கிரீன் டீ. நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்க முடியாது. மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுக்கு போர்டிசோமிப் என்ற ஊசி போடுவார்கள். கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் அந்த மருந்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009ல் சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் கண்டுபிடித்தார்கள். அந்த ஊசி போடுகிறவர்கள் கிரீன் டீயை விட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கோப்பையால் கெடுதல் வருவதற்கில்லை. ஆனால் கிரீன் டீ சாறு கேப்ஸ்யூல்கள் கல்லீரலைக் கெடுக்கலாம். நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் ஈஜிசிஜி போனால் ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் எச்சரித்தது. சாதாரணப் பால் டீ குடிக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டுக்கொண்டால் போதும். டீ, இரும்பை உடம்பில் சேரவிடாது.

முள்சீத்தா. இப்போது மலையில் அதிகம் விற்பது இதுதான். பர்லியார் பக்கம் பழமாகவும், கடைகளில் இலைப் பொடியாகவும் கிடைக்கிறது. 'கீமோவை விடப் பல மடங்கு சக்தி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திக்கு அடிப்படை, சோதனைக்கூடத் தட்டில் உள்ள அணுக்கள் மீது செய்த ஆய்வுகள். மனிதர்களிடம் புற்றைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. இலையிலும் விதையிலும் இருக்கும் அன்னோனாசின் என்ற பொருள் நரம்பு அணுக்களைப் பாதிப்பது. கரீபியன் தீவான குவாதலூப்பில், இந்தப் பழத்தையும் இலைச்சாற்றையும் வழக்கமாக எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் அதிகம் தென்பட்டதை 1999லேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து போட்டவர்களுக்கு ஏற்கெனவே விரல் நுனி மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படுவார்கள். அதோடு நரம்பைத் தாக்கும் இன்னொன்றையும் சேர்ப்பதா? ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு பழம் சாப்பிட்டால் பரவாயில்லை. தினமும் இலைக் கஷாயம் கூடாது.

சீந்தில். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று வீட்டுக்கு வீடு வந்தது. 2021லும் 2022லும் இந்தியக் கல்லீரல் மருத்துவர்களே, இதைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைத் தொகுத்து வெளியிட்டார்கள். கீமோ மருந்துகள் பலவற்றுக்கு, கல்லீரல் சோதனையின் அளவைப் பார்த்துத்தான் டோஸ் போடுவார்கள். அது ஏறினால் கீமோ தள்ளிப்போகும் அல்லது டோஸ் குறையும். காரணம் கீமோவா, சீந்திலா என்று டாக்டருக்கும் தெரியாது.

அருகம்புல், கோதுமைப்புல் சாறுகளில் எனக்கு வேறு பயம். பச்சையாக, மண்ணோடு வளர்ந்ததை, அரைத்து, வடிகட்டி, அப்படியே குடிப்பது. கீமோ போட்ட இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியே போதும், ஆளைப் படுக்கவைக்க.

பூண்டு, இஞ்சி, பம்பளிமாஸ் பற்றியும் கேட்பார்கள். சமையல் பூண்டுக்குத் தடையில்லை. பூண்டு மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்னாலும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) குறைந்திருக்கும்போதும் நிறுத்த வேண்டும், ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். வாய்வழி மாத்திரையாகப் புற்று மருந்து எடுக்கிறவர்கள் பம்பளிமாஸையும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. பால்போசிக்லிப் போன்ற மருந்துகள் ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறிவிடும். வைட்டமின் மாத்திரையும் சாதுவானதில்லை. கேப்சிட்டபைன் என்ற கீமோ மாத்திரை எடுக்கிறவர் தானாக ஃபோலிக் அமில மாத்திரை போட்டால் அந்த மருந்தின் பக்கவிளைவு கூடும்.

இஞ்சியை மட்டும் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்து 2012ல் வெளியான ஆய்வில், வாந்தி மாத்திரையோடு சேர்த்து நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குக் கீமோ அன்றைய குமட்டல் குறைந்தது. கீமோ முடித்து மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தாலே குமட்டும். வாந்தி மாத்திரையை விட்டுவிட்டு இஞ்சி மட்டும் என்று போகாமல், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிளேட்லெட் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் இதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

"மூலிகையைப் பழிக்கிறாயே" என்று சித்தி ஒருமுறை கோபித்துக்கொண்டார். பழிக்கவில்லை. வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றில் இன்றும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறுமரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதை 1972ல் இந்திய வேதியியலாளர்கள் வெளியிட்டார்கள். அதன் வழிவந்த மருந்துதான் குடல் புற்றுக்குப் போடும் இரினோடீகன். ஆகவே கீமோவில் பாதி மூலிகைதான் சித்தி, என்றேன். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். எடுத்ததையும் மில்லிகிராம் கணக்கில் அளந்துதான் ஏற்றுவார்கள், கூடினால் நரம்பு போய்விடும். அதே நித்தியகல்யாணி இலையை வீட்டில் கசக்கிக் குடித்தால் எந்த இலையில் எவ்வளவு விஷம் என்று யாருக்கும் தெரியாது. குடிக்கவே கூடாது.

சித்த மருத்துவர்களிடம் போக விரும்புகிறவர்களுக்கு: பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், உங்கள் கீமோ சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அவர் எழுதித் தருவதைப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். லேபிள் இல்லாத பொட்டலம், என்ன சேர்ந்தது என்று சொல்லாத செந்தூரம், பற்பம் மட்டும் வேண்டாம். பாதரசமும் ஈயமும் சேர்மானமாக இருக்கலாம். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதிப்பவை.

சாப்பாடு

இதில்தான் வீட்டில் இருப்பவர்களால் நிஜமாகவே உதவ முடியும். இதில்தான் தவறான பேச்சும் அதிகம்.

முதல் பேச்சு, 'சர்க்கரை போட்டால் புற்று வளரும், பட்டினி போடு' என்பது. புற்று அணுக்கள் சர்க்கரையை அதிகம் எரிக்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களில் சொன்னது உண்மைதான். ஆனால் நாம் சோறு சாப்பிடாவிட்டாலும் உடம்பு தன் தசையைக் கரைத்தே சர்க்கரை செய்துகொள்ளும். பட்டினியில் கரைவது ஆள். எடை குறைந்தால் கீமோவைத் தாங்கும் சக்தியும் குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டியது தனி விஷயம்.

இரண்டாவது, ஜூஸ். ஊட்டி கேரட், பீட்ரூட் நம் தோட்டத்திலேயே விளைகிறது, அதனால் காலையும் மாலையும் பெரிய டம்ளரில் ஜூஸ். காய்கறி நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட் கொடுப்பதில் பயன் குறைவு. அதில் இரும்பு கொஞ்சம்தான், கீமோவில் ரத்தம் குறைவதற்குக் காரணம் எலும்பு மஜ்ஜை தளர்வது. கேரட்டின் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தபோது என்ன ஆனது தெரியுமா? ஃபின்லாந்தில் 29,000க்கும் மேற்பட்ட புகைப்பழக்கம் உள்ள ஆண்களிடம் நடந்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம் வந்தது. 1994ல் வெளியான முடிவு. கேரட் பொரியலாகச் சாப்பிட்டால் இந்தப் பயம் கிடையாது. சத்தைப் பிரித்து, அடர்த்தியாக்கி, மாத்திரையாக்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது.

ஜூஸில் எனக்குள்ள பெரிய குறை, அது வயிற்றை நிரப்பிவிடும் என்பது. கீமோ நோயாளிக்கு ஒரு நாளில் நாலைந்து தடவைதான் ஏதாவது இறங்கும். அந்த இடத்தைக் கேரட் ஜூஸ் பிடித்துக்கொண்டால் புரதம் எங்கே போகும்? சிகிச்சைக் காலத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டல் சொல்கிறது. 55 கிலோ எடையுள்ள என் அக்காவுக்கு 55 முதல் ஏறத்தாழ 80 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். ஒரு டம்ளர் கேரட் ஜூஸில் 2 கிராம் தேறினால் அதிகம்.

நம் மலைச் சாப்பாட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. படுகர் வீடுகளில் செய்யும் அவரைக்கொட்டைக் குழம்பு, அதோடு ராகிக் களி அல்லது சாமைச் சோறு. வாயில் புண் இருந்தால் அவரையை நன்றாக மசித்து, காரம் போடாமல் நெய் விட்டு. கல்லாறு, பர்லியார் பக்கமிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் எடை குறைகிறவர்களுக்கு நல்லது, 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரி, விழுங்கவும் எளிது. கீமோ போட்ட மூன்றாம் நாள் அக்காவுக்கு எதைக் கொண்டுபோனாலும் இரும்பு வாசனை அடித்தது. சோறு வடிக்கும் ஆவியே ஆகாது. எவர்சில்வர் தட்டை மாற்றிப் பீங்கான் தட்டில் வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் இறங்கியது. அந்த நாட்களில் அவள் கேட்டது, பாலில் தோய்த்த வர்க்கி. மைதா, கொழுப்பு என்று அத்தை முணுமுணுத்தார். நான் கொடுத்தேன். உள்ளே போகாத சத்துணவை விட உள்ளே போகிற வர்க்கி மேல்.

எல்லாம் வெந்ததாக இருக்க வேண்டும். கவுண்ட் குறைந்த வாரத்தில் பச்சை சாலட், வெளியே வாங்கிய சட்னி, வெட்டி வைத்த பழம், காய்ச்சாத பால் வேண்டாம். ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கை மலையில் எல்லோருக்கும் உண்டு. அதையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். பழமே கூடாது என்று தடுக்கவும் வேண்டாம். தோலுரிக்கும் பழங்களைக் கழுவி, வீட்டிலேயே உரித்துக் கொடுக்கலாம்.

மலைக்குளிரும் மலைப்பாதையும்

சமவெளிக்காரர்களுக்கு எழுதிய அறிவுரைகளில் இல்லாத சில விஷயங்கள் நமக்கு உண்டு. குடல் புற்றுக்குப் போடும் ஆக்சாலிபிளாட்டின், குளிர்ச்சியை நரம்புக்கு ஆகாததாக்கிவிடும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் ஊசி குத்துவது போலிருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலையில் ஊட்டியில் இருப்பவருக்கு இது பெரிய பாடு. சிறுதானியக் கூழ் நல்லதா, ஜூஸ் நல்லதா என்ற கேள்வியை விட, எல்லாவற்றையும் வெதுவெதுப்பாகக் கொடுப்பதும், கையுறையும், வாய் மூக்கை மூடும் மஃப்ளரும் முக்கியம்.

ரேடியேஷன் போட்ட இடத்தில் எரிச்சல் வந்தால் கை தானாக நீலகிரித் தைலத்துக்குப் போகும். கூடாது. வெந்த தோலில் அது இன்னும் எரிக்கும். ரேடியேஷன் கொடுக்கும் இடத்தில் சொல்லும் களிம்பைத் தவிர வேறெதுவும் தடவ வேண்டாம்.

காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. கீமோ காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது இரவு பதினொரு மணியானாலும் கிளம்ப வேண்டும். நம் பக்கம் வழக்கம் என்ன? நிலவேம்புக் கஷாயம் கொடுத்து, ஒரு பாராசிட்டமால் போட்டு, விடியட்டும் பார்ப்போம் என்பது. வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி ரத்தத்தில் பரவ அந்த ஒரு இரவு போதும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கவும் செய்யும். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 85 கிலோமீட்டர், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. அதனால் முதல் கீமோவின்போதே டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டது, காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாட்டிக் என்று. அதைக் காட்டினால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்தில் உள்ள வேறு பெரிய மருத்துவமனையிலோ முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கலாம்.

சேர்க்கத் தகுந்தவை

டாக்டருக்குத் தெரிந்தே சேர்ப்பது என்ற வழிதான் என் தேர்வு என்று இதற்குள் தெரிந்திருக்கும். சிகிச்சை மட்டும், வேறெதுவும் இல்லை என்ற வழியிலும் ஆபத்து கிடையாது. ஆனால் அதில் நோயாளி படுத்துக்கிடப்பார், வீட்டில் உள்ளவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

சேர்ப்பதில் நடைக்குத்தான் முதலிடம். பெருங்குடல் புற்றுக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025ல் வந்தது. மூன்று ஆண்டு முறையாகப் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில், ஐந்து ஆண்டு முடிவில் நோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் 80.3 சதவீதம். அறிவுரைப் புத்தகம் மட்டும் வாங்கிப் போனவர்களில் 73.9 சதவீதம். எந்தக் கஷாயத்துக்கும் இப்படி ஒரு கணக்கு கையில் இல்லை. நம் ஊரில் எங்கே போனாலும் ஏற்றம். ரத்தம் குறைந்தவர்களுக்கு மூச்சு வாங்கும். வெயில் ஏறிய பிறகு, சமதளமாக இருக்கும் ஒரு துண்டுப் பாதையில், பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

யோகாசனமும் மூச்சுப்பயிற்சியும் களைப்பையும் தூக்கமின்மையையும் குறைக்கின்றன. கட்டியைக் கரைக்கும் என்று சொல்லித் தருகிறவரிடம் போக வேண்டாம். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்க. செலவே கிடையாது.

செலவையும் பேசித்தான் ஆக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, கீமோவும் ரேடியேஷனும் அதில் அடங்கும். முள்சீத்தா பொடிக்கும் வெளிநாட்டுக் காளான் கேப்ஸ்யூலுக்கும் போகும் பணம் நம் கையிலிருந்து போவது. தோட்ட வேலை செய்து, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாத வீட்டில், அந்தப் பணம் முட்டையாகவும் பாலாகவும் கீழே போய்வரும் வண்டி வாடகையாகவும் மாறினால் சிகிச்சை தடைபடாமல் நடக்கும்.

நோய் முற்றி, இனிக் குணமாக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட வீடுகளில் இந்த ஒப்பீடு மாறிவிடும். அங்கே தேதி தவறும் என்ற பயம் இல்லை. குறும்பர் பழங்குடி வைத்தியர் தரும் எண்ணெயைக் காலில் தேய்த்தால் அம்மாவுக்கு இதமாக இருக்கிறதா, தேய்க்கலாம். பத்தியம் என்று சொல்லி அம்மா கேட்கும் காபியை மறுக்க வேண்டாம். வலியை மட்டும் கஷாயத்திடம் விடாதீர்கள். மார்ஃபின் மாத்திரை அதற்குத்தான் இருக்கிறது, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாக்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புக் கவனிப்புக்கென்று நர்ஸ் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வைத்தால் எஸ்டேட் லைன் வீட்டுக்கும் வருவார்கள்.